மணல் திட்டுக்குப் போன மேயர்

ஆர்வில் ஹாஸ்கெட் எங்கள் கால்டர்வில் நகரத்துக்கு நான்கு வருடம் மேயராக இருந்தார். அந்த நான்கு வருடமும் நகரசபைக் குறிப்பேட்டை எழுதியவன் நான். தொழிலால் அவர் குதிரைச் சேணம் தைப்பவர். மேயரான பிறகும் காலையில் கடையில் உட்கார்ந்து தோல் தைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மேல்தான் சபைக்கு வருவார். நூலுக்குத் தேய்க்கும் மெழுகு விரல்களில் கறுப்பாக ஒட்டியிருக்கும். அவர் கையெழுத்திட்ட தாள் எது என்று பெயரைப் படிக்காமலேயே சொல்லிவிடலாம்.

ஒஹாயோவில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் பன்றி இறைச்சிப் பீப்பாய்கள் ஏற்றிய தெப்பத்தோடு மிசிசிப்பியில் இறங்கி நியூ ஆர்லியன்ஸ் வரை போனார். அங்கே மஞ்சள் காய்ச்சல் கண்டது. கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்தார். கூடப் போன இருவரை அங்கேயே புதைத்தார்கள். திரும்பி வரும் வழியில் இல்லினாய்க் கரையில் எங்கள் ஊரில் இறங்கியவர், சேணக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கடைக்காரரின் மகள் தர்சாவைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்.

1875-இல் மேட்டுத் தெருக்காரர்களுக்கும் படகுத்துறைக்காரர்களுக்கும் மேயர் தேர்தலில் இழுபறி. படகுத்துறையில் பெரிய கிடங்கு வைத்திருந்த கான்ராட் லுட்ஸ்தான் ஹாஸ்கெட் பெயரைச் சொன்னவர்.

“வாயைத் தொறந்தாத்தானே பகை வரும்? இந்த ஆளு தொறக்கவே மாட்டாரு. இவரையே போட்டுருவோம்!”

எல்லோரும் சிரித்தார்கள்; போட்டார்கள்.

வாயைத் திறக்காவிட்டாலும் அவர் சட்டம் கொண்டுவந்தார். அதுவரை பன்றிகள் எங்கள் தெருக்களில் இஷ்டம்போல் திரிந்தன. இனி பட்டியில் அடைக்க வேண்டும், திரிந்தால் நகரசபை பிடித்துக்கொண்டு போகும் என்று ஆயிற்று. முதல் வாரமே பிடிபட்டது தர்சாவின் பன்றி. மேயர் மற்றவர்களோடு வரிசையில் நின்று அபராதம் கட்டி, கயிறு போட்டு அதை இழுத்துக்கொண்டு நடுத்தெரு வழியாக வீட்டுக்குப் போனார். இரண்டாவது தேர்தலில் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

1878 கோடையில் தெற்கே மஞ்சள் காய்ச்சல் பரவியது. மெம்பிஸ் நகரம் பாதி காலியானதாகத் தந்தி வந்தது. ஆகஸ்டில் சபை கூடி ஒரு தீர்மானம் போட்டது. தெற்கிலிருந்து வரும் எந்தப் படகும் துறையில் கட்டக் கூடாது. எதிரே ஆற்று நடுவில் இருக்கும் மணல் திட்டில் ஆட்களை இறக்க வேண்டும். கடைசி நோயாளிக்குப் பிறகு பத்து நாள் போனால்தான் ஊருக்குள் நுழையலாம். லுட்ஸ் எதிர்த்தார். வியாபாரம் படுத்துவிடும் என்றார். நாலுக்கு நாலு வந்தது. மேயரின் ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது. அவருடைய மகள் லவினியா தந்தி அலுவலரான ரூஃபஸ் கேலை மணந்து மெம்பிஸில்தான் இருந்தாள். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

செப்டம்பர் மூன்றாம் தேதி மதியம் ‘மேரி பெல்டன்’ என்ற நீராவிப் படகு வந்தது. கரையில் ஊரே கூடியிருந்தது. சிலர் கையில் துப்பாக்கி. படகின் கேப்டன் தகரக் குழலை வாயில் வைத்துக் கத்தினார்.

“முப்பத்தொரு பேரு இருக்கோம்! ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல! தும்மல்கூட இல்ல!”

“அப்போ திட்டுல பத்து நாள் சும்மா இருந்துட்டு வாங்க” என்றார் மேயர்.

அப்போது மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். லவினியா.

“அப்பா! ரூஃபஸுக்கு உடம்பு கொதிக்குது. நேத்துலேருந்து வாந்தி. அவரை மட்டுமாவது இறக்கி விடச் சொல்லுங்க!”

கேப்டன் குழலைக் கீழே வைத்துவிட்டார். கூட்டம் நான்கடி பின்வாங்கியது. லுட்ஸ் மட்டும் மேயர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்.

“மேயரே, மகளையும் மாப்பிள்ளையையும் வேணா படகு போட்டுக் கூட்டிக்குவோம். நான் எதுத்துப் பேச மாட்டேன். யாரும் பேச மாட்டாங்க.”

அதை அவர் நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். மேயர் படகைப் பார்த்துக் கையைத் தூக்கித் திட்டின் பக்கம் காட்டினார். லவினியா அப்பாவைத் திட்டிக் கத்தியது, படகின் சக்கரம் தண்ணீரை அடிக்கத் தொடங்கும்வரை எங்களுக்குக் கேட்டது.

படகு திரும்பியதும் தர்சா அவர் முன்னால் வந்து நின்றார்.

“ஊருக்குள்ள வரக் கூடாதுன்னுதானே உங்க சட்டம்? வெளிய போகக் கூடாதுன்னு இல்லையே?”

“இல்ல.”

“அப்போ நான் போறேன்.”

“உனக்கு அந்தக் காய்ச்சல் வந்ததில்ல தர்சா. எனக்கு வந்து போயாச்சு. ஒருமுறை வந்தவனை அது மறுபடி தொடாது. நான் போறேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சபைக்கு லுட்ஸ் தலைமை. எழுதிக்குங்க.”

இரண்டு கூடாரத் துணி, ஒரு பீப்பாய் மாவு, கம்பளிகள், எலுமிச்சை. தானே துடுப்புப் போட்டுக்கொண்டு போனார்.

இருபத்தாறு நாள் அங்கே இருந்தார். மருத்துவர் யாரும் போகவில்லை. தினமும் காலையில் பாதி ஆறு வரை ஒரு படகு போய், மரத்துண்டில் கட்டிய சாப்பாட்டுக் கூடையைத் திட்டின் பக்கம் மிதக்கவிட்டு வரும். திட்டில் என்ன நடந்தது என்பதைப் பிறகு கேப்டன் சொல்லித்தான் அறிந்தோம். மேயர்தான் கஞ்சி காய்ச்சினார், அழுக்குத் துணி எரித்தார், குழி வெட்டினார். ஒன்பது பேர் இறந்தார்கள். நான்காவதாக இறந்தவர் ரூஃபஸ் கேல்.

செப்டம்பர் கடைசியில் மீதிப் பேர் கரையேறினார்கள். ஹாஸ்கெட் மிகவும் மெலிந்திருந்தார். லவினியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைத் தாண்டி நடந்துபோனாள்.

கால்டர்வில்லில் ஒருவருக்குக்கூடக் காய்ச்சல் வரவில்லை. அதுவே அவருக்கு வினையாயிற்று. குளிர்காலம் முழுக்கப் பேச்சு இப்படித்தான் ஓடியது.

“காய்ச்சலாவது கத்தரிக்காயாவது! எங்கே வந்துச்சு? வராத காய்ச்சலுக்குப் பயந்து துறையை மூடினாரு.”

“மூடிட்டு, நாற்காலியை விட்டுட்டுத் திட்டுக்கு ஓடிட்டாரே, அதைச் சொல்லு.”

ஏப்ரல் தேர்தலில் அறுபத்தொரு ஓட்டு அதிகம் வாங்கி லுட்ஸ் ஜெயித்தார். ஹாஸ்கெட் மறுநாள் காலை சேணக் கடையைத் திறந்தார். மதியம் மூடவில்லை, அதுதான் வித்தியாசம்.

அந்தக் கோடையில் மெம்பிஸில் மறுபடியும் காய்ச்சல். லுட்ஸ் கடைக்கு வந்து, தொங்கும் கடிவாளங்களைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். அறுந்த வாரைக் கொடுக்கப் போன நானும் அங்கே இருந்தேன்.

“அந்தத் தீர்மானம்... அதையே வெச்சுக்கலாம்னு இருக்கேன்” என்றார்.

“வெச்சுக்குங்க.”

“ஏதாவது மாத்தணுமா?”

ஹாஸ்கெட் ஊசியை நிறுத்தி யோசித்தார். “ஒரு மருத்துவரையும் சேர்த்து எழுதுங்க.”

லவினியா அப்பா வீட்டில்தான் இருந்தாள். கணவனிடம் தந்தி அடிக்கக் கற்றிருந்ததால் ரயில் நிலையத்தில் வேலை கிடைத்தது. அப்பாவிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். ஒன்றரை வருடம் அப்படிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், உருளைக்கிழங்குத் தட்டை நகர்த்திவிட்டுத் திடீரென்று கேட்டாளாம். தர்சா என் மனைவியிடம் சொன்னது இது.

“ரூஃபஸ் போன அன்னிக்கு நான் தூங்கிட்டேன். கடைசியா அவரு என்ன சொன்னாரு?”

“மழை வருது, கொடியில சட்டை காயுதுன்னு சொன்னான்.”

“நீங்க?”

“எடுத்து உள்ள வெச்சுட்டேன்னு சொன்னேன்.”

“எத்தனை சட்டைன்னு கேட்டிருப்பாரே?”

“கேட்டான். நாலுன்னேன். அஞ்சு இருக்கணுமேன்னான்.”

லவினியா சிரித்துவிட்டாள். பிறகு வெகுநேரம் அழுதாள். தட்டை அப்பா பக்கம் தள்ளி, “சாப்பிடுங்க, ஆறிப்போகுது” என்றாள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டார்கள். அதிகமாக இல்லை, அவர்கள் குடும்பத்து வழக்கம் அவ்வளவுதான்.

1891 மார்ச்சில் நெஞ்சில் சளி கட்டி ஹாஸ்கெட் இறந்தார். வயது அறுபத்தாறு. கான்சாஸில் இருந்த தன் தம்பிக்குத் தந்தியை லவினியாதான் அடித்தாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்பா இன்று நான்கு மணிக்குக் காலமானார், சிரமப்படவில்லை. அடித்து முடித்ததும் மேசையில் கோதுமை ஏற்றிய ஒரு ரயில் பெட்டியைப் பற்றிய தந்தி காத்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் அடித்து அனுப்பினாள்.