சும்மா கிடக்கிற இடம்

போன செவ்வாய்க்கிழமை மதியம், எங்கள் வீட்டு முதல் படியைக் காணவில்லை!

மொத்தமே மூன்று படிகள்தான். தெருவுக்கும் எங்கள் ஹாலுக்கும் நடுவே இருப்பது அவ்வளவே. அடையாறில் தரைத்தள ஃப்ளாட் வாங்கியவர்கள் மழைக்காலத்தில் வானிலை அறிக்கை கேட்பதில்லை, படியை எண்ணுகிறார்கள்.

கார் வைத்திருப்பவர்கள் காலையிலேயே மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். நான் ஃப்ரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றியாயிற்று. வீட்டுப் பத்திரம், மாத்திரை டப்பா எல்லாம் பரண் மேல். ஏற்ற முடியாதது ஒன்றே ஒன்று பாக்கி... என் மனைவி பிலோமினா.

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. மாடிப்படி கூடவே கூடாது என்கிறார் டாக்டர். லிஃப்ட்? நல்ல கேள்வி. எங்கள் கட்டடத்தில் அது கிடையாது. சாக்கடை கலந்த வெள்ளம் வீட்டுக்குள் வந்து, அந்தக் காலில் பட்டுவிட்டால்? 

மேல்வீட்டு ஃபெரோஸ், தி.நகரில் துணிக்கடை வைத்திருப்பவர், தன் தம்பியோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"உக்காருங்க ஆன்ட்டி. ரெண்டு பேரும் அப்படியே தூக்கிட்டுப் போயிடறோம்."

"தூக்கிட்டுப் போக நான் என்ன தேர்ல வர்ற மாதாவா?"

"மாதா இவ்ளோ பேசமாட்டாங்க ஆன்ட்டி!"

சிரிக்கிற நேரமா இது? இரண்டாவது படியும் பாதி போய்விட்டது. அது முழுதாக முங்கினால் தூக்கிவிடுவது என்று முடிவானது. நான் குடையோடு வாசலில் காவல்.

பாதியில் நின்ற தண்ணீர் பாதியிலேயே நின்றது. அரை மணி ஆயிற்று. மழையோ கொஞ்சமும் குறையவில்லை! அப்புறம் என் கண்ணெதிரே படியின் அடிப்பக்கம் மெல்ல மெல்ல வெளியே வந்தது...

தண்ணீர் ஏறினால் பயப்படலாம். காரணமில்லாமல் இறங்கினால்? எனக்கு அதுவும் பயம்தான். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, அது ஓடுகிற திசையிலேயே நானும் போனேன்.

எங்கள் தெருக்கோடியில், ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி ஓர் ஈரநிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் குப்பைமேடு. பிறகு குப்பையை அள்ளி, குளம் வெட்டி, அலையாத்திச் செடிகள் நட்டு, பாதுகாக்கப்பட்ட இடம் என்று போர்டு மாட்டிப் பூட்டிவிட்டார்கள். காலையில் நடக்கப் போகிற எங்கள் கோஷ்டிக்கு அதில் தீராத மனத்தாங்கல். அடையாறில் இத்தனை பெரிய இடம், நண்டுக்கும் நாரைக்கும் மட்டுமா! சும்மாதானே கிடக்கிறது, ஒரு சிமென்ட் பாதையும் நாலு பெஞ்சும் போட்டால் என்ன?

வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அடடா! எங்கள் தெரு வடிகால் குபுகுபுவென்று உள்ளே கொட்டிக்கொண்டிருக்கிறது. குளம் அகன்று, அகன்று, வேலி வரை வந்து நிற்கிறது. இடுப்பளவு தண்ணீரில் அலையாத்தி மரங்கள் அலட்டிக்கொள்ளாமல் நிற்கின்றன. கொக்கு மட்டும் பதினேழு எண்ணினேன். பதினெட்டாவதை எண்ணுவதற்குள் வாட்ச்மேன் வந்துவிட்டார்.

"இன்னா சார், இந்த மழைல கொடைய புட்ச்சிக்கினு இன்னா பண்ணிக்கினுகீறே? கேட்டைத் தெறக்கச் சொல்லி கேக்க வந்தியா?"

"எங்க வீட்டுக்கு வரவேண்டிய தண்ணிப்பா இது! எல்லாம் இங்க இருக்கு!"

"வோணும்னா எடுத்துக்கினு போ சார்."

வடிகாலைத் தூர்வாரியிருந்தார்கள், ஓதம் வடிந்து கடல்மட்டமும் இறங்கியிருந்தது — எல்லாம் தெரியும், யாரும் கடிதம் எழுத வேண்டாம். ஆனால் வடிகால் எங்கே போய் வடியும்? அந்த இடத்தில் ஓர் அபார்ட்மென்ட் நின்றிருந்தால், தண்ணீர் திரும்பி வந்து என் மூன்றாவது படியைத்தானே கேட்டிருக்கும்?

இது ஒன்று மட்டுமா! அந்த அலையாத்தி வேர்களுக்குள் பதுங்கித்தான் மீன் குஞ்சுகள் வளர்கின்றன. ஒல்காட் குப்பத்தில் நாம் பேரம் பேசி வாங்குகிற மீனில் சிலவற்றுக்கு இதுதான் பிறந்த வீடாக இருக்கலாம். காற்றைச் சூடாக்கும் கார்பனைச் சேற்றுக்குள் அமுக்கி வைத்து, உலகத்துக்கே உபகாரம் வேறு.

நம் ஊரில் நிலமோ மனிதனோ சும்மா இருந்தால் யாருக்கும் பொறுக்காது. ரிட்டயரான என்னையும் தினம் கேட்கிறார்கள்: "சும்மாதானே இருக்கீங்க?" என் விஷயத்தில் அது உண்மை. ஈரநிலத்தின் விஷயத்தில் இல்லை.

மூச்சிரைக்க வீடு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிலோமினா முழுவதையும் கேட்டாள்.

"ஃபெரோஸ், அந்த நாற்காலிய மேல கொண்டு போப்பா. ஏங்க, நீங்க முதல்ல காலைக் கழுவுங்க."

அன்றிலிருந்து தினமும் காலையில் நடக்கப் போகும்போது, வேலிக் கதவின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.

"இன்னா சார், தெறக்கணுமா?"

"வேணாம்பா... இன்னொரு பூட்டும் போடு!"