கரி பஸ்ஸில் கொடுத்த நாவல்

நாவலில் வரும் மோசக்காரனைத் திட்டும்போது நமக்கு ஏன் இத்தனை சுகம்?

இன்று குற்றாலம் போகும், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ்ஸில், பக்கத்தில் இருந்த ஆய்க்குடிப் பெண் என் புத்தகத்தை எட்டி எட்டிப் படித்தாள்.

"தம்பி பொண்டாட்டி நகையை இப்படி அமுக்குதானே, இவன் விளங்குவானா?"

முடிவு தெரியாமல் அவளுக்குத் தூக்கம் வராதாம். நான் எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று விசாரித்துக்கொண்டாள்.

"நாளைக்கு உங்க பள்ளிக்கூடத்துக்கே கொண்டாந்து தாரேன் டீச்சரக்கா."

கொடுத்தேன். பெயரைக்கூடச் சொல்லாமல் இறங்கிவிட்டாள். இனி அது திரும்பாது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். உங்களில் யாராவது அவளை நம்பியிருப்பீர்களா?

மறுநாள் சேர்த்தது: அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. சாயங்காலம் பேப்பர் படிக்க வாசகசாலைக்குப் போனேன். அங்கே புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சிக்கு ஒரே சிரிப்பு.

"நாலு வருசமாத் தேடின நாவல் கிடைச்சிட்டு டீச்சர்! ஒரு ஆய்க்குடிக்காரி உள்ள நம்ம வாசகசாலை முத்திரையைப் பார்த்துட்டு, நேரா இங்கன கொண்டாந்து குடுத்துட்டா. எந்தக் களவாணி எடுத்துட்டுப் போனானோ?"

"தெரியலையே" என்றேன்.