கோணிப்போன கொக்கி

எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் தங்க வாட்ச் கட்டிய பெண் அம்மா ஒருத்திதான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கிறேன். வாட்ச் என்னவோ சாதாரண லேடீஸ் வாட்ச்தான். அதில் கோத்திருந்த செயின்தான் தங்கம். அந்தத் தங்கம் அப்பாவின் கல்யாண மோதிரம்.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். ஓடுகிற மிஷினில் கை வைக்கிறவர்கள் மோதிரம் போடக் கூடாது, மாட்டிக்கொண்டால் விரல் போய்விடும். அதனால் கல்யாணத்தன்று அம்மாவின் அண்ணன், அதாவது என் தாய்மாமா, போட்டுவிட்ட மோதிரம் பெட்டியிலேயே கிடந்தது. அம்மா சேத்தூர் பக்கம் ஒரு பால்வாடிக்கு டீச்சராகப் போக ஆரம்பித்ததும், பஸ்ஸுக்கு நேரம் பார்க்க அப்பா அந்த வாட்ச்சை வாங்கினார். அதன் தோல் பட்டை வேர்வை பட்டு அம்மாவின் கையை அரித்தது. அப்பா யாரிடமும் கலந்துகொள்ளவில்லை. மோதிரத்தையும் ஜோடி தொலைந்து ஒற்றையாகக் கிடந்த ஒரு தோட்டையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். சில நாள் கழித்து மெல்லிய செயினோடு வந்து நின்றார்.

மாமா வந்து குதித்தார். “நான் போட்ட மோதரத்தையா மாப்பிள உருக்குனீக?”

“ஒங்க தங்கச்சி கையிலதான மச்சான் இருக்கு, எங்க போயிருச்சு?” என்றார் அப்பா. மாமா காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

செயினின் ஒரு முனையில் சின்ன நாக்கு ஒன்று இருக்கும். மறுமுனையில் அது நுழைகிற கூடு. நாக்கை உள்ளே விட்டு மேல் மடிப்பை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். அந்த மொத்தத்துக்கும் நாங்கள் வைத்த பெயர் கொக்கி. அது கொஞ்சம் இறுக்கம். அதனால் அம்மா அதைத் தானாகப் போட்டுக்கொண்டதே இல்லை. இறுக்கம் என்பதெல்லாம் சாக்கு என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஊருக்கெல்லாம் பம்பும் மிக்ஸியும் தைக்கிற மிஷினும் சரிபண்ணிக் கொடுத்த மனிதருக்கு ஒரு கொக்கியை இளக்கத் தெரியாதா?

காலையில் மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் அப்பா சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்ப உள்ளே வருவார். அம்மா கையை நீட்டுவாள். அவர் அதை மல்லாக்கத் திருப்பி, அடியில் கட்டைவிரலைக் கொடுத்து, மடிப்பை அமுக்குவார். டக்கென்று ஒரு சத்தம் வரும். குழம்பில் உப்புக் கூடியது மாதிரி ஏதாவது குறை சொல்வதென்றால் அந்த நேரத்தில்தான் சொல்வார். கையைப் பிடித்திருக்கும்போது அவள் எங்கே எழுந்து போக முடியும்? சண்டை போட்டுக்கொண்டு முகம் பார்க்காத நாட்களிலும் கை நீளும், டக் சத்தம் கேட்கும், பேச்சு மட்டும் இருக்காது. அடுப்படியில் இட்லியை அளைந்துகொண்டிருக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பத் தோன்றும். பிறகு அப்பாவும் ஓய்வு பெற்றார், அம்மாவும் ஓய்வு பெற்றாள். சங்கும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஆனாலும் காலையில் கை நீண்டது. அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது.

அப்பா இறந்து, கருமாதியன்று, பெண்கள் அம்மாவை நடுவில் உட்கார வைத்தார்கள். முன்னால் நின்றவள் அத்தை, அப்பாவின் அக்கா, தளவாய்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். வளையலை உடைத்தார்கள், தாலியைக் கழற்றினார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். எனக்குப் பிடிக்காது, என் பிடித்தத்தை அங்கே யார் கேட்டார்கள்? அதோடு முடிந்திருக்க வேண்டியது. அம்மாவின் கையில் மினுங்கிய தங்கம் அத்தையின் கண்ணில் பட்டுவிட்டது.

“இது என்னட்டி இன்னும் கையில?” என்று செயினைப் பிடித்தாள்.

“மதினி, அது வாட்ச்சு,” என்றாள் அம்மா.

அத்தை காதில் வாங்கவில்லை. அழுதுகொண்டே ஒரே இழுப்பாக இழுத்தாள். கொக்கி கோணிக்கொண்டு வாட்ச் கழன்று விழுந்தது.

“மணி பாக்குறதையுமா புடுங்குவீக?” என்று நான் கத்திய கத்தில் அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா வாட்ச்சை எடுத்து ஒரு கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. நான் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ் ஏறினால் ராஜபாளையம் ஒன்றும் தூரமில்லை, வாரம் தவறாமல் போய் நச்சரிப்பேன். கல்யாணம், காதுகுத்து என்று எதற்குக் கூப்பிட்டாலும் முழங்கால் வலி என்பாள். மார்க்கெட்டுக்கு நடக்கும்போது மட்டும் அந்த முழங்கால் வலிக்காது.

இந்த வருஷம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்தோம். பேத்தியின் நிச்சயத்துக்கும் வரவில்லையென்றால் இனி அவள் எதற்கும் வரமாட்டாள், அந்த வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. போய் உட்கார்ந்து கேட்டேன். இந்தத் தடவை அவள் முழங்காலைச் சாக்குச் சொல்லவில்லை.

“வெறுங்கையோட சபையில வந்து நிக்க மாட்டேன். அந்த வாட்ச்ச சரிபண்ணித் தா, வாரேன்,” என்றாள். பிறகு, “ஒங்க அத்தையவும் கூப்பிடணும்,” என்றாள்.

“அந்த அம்மாவக் கூப்பிட்டா எனக்கு வேற வேலையில்லன்னு அர்த்தம்.”

“அவியளக் கூப்பிடலன்னா நானும் வரல.”

என் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று யாரும் ஆராய வேண்டியதில்லை. நான்தான் இறங்கிப் போனேன். தளவாய்புரத்துக்குப் போய், தட்டில் பழத்தை வைத்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அத்தையை அழைத்துவிட்டு வந்தேன்.

ராஜபாளையத்தில் வாட்ச் கடைக்காரர் முதலில் பேட்டரி போட்டு ஓடவிட்டார். கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாக்கு ஒரு பக்கமா ஏறிப் போயிருக்கு, கூட்டுக்குள்ள நேரா எறங்க மாட்டேங்குது. வேற செயின் மாட்டிருவோம்க்கா, பாக்கத் தங்கம் மாதிரியே இருக்கும்,” என்றார். தங்கம் மாதிரி இருப்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு நகைப் பட்டறை இருக்கிறது. ஆசாரி லென்ஸை வைத்துப் பார்த்தார். “கழட்டத் தெரியாம யாரோ இழுத்துருக்காக,” என்றார். “தெரிஞ்சேதான் இழுத்தாக,” என்றேன். அவர் சின்னக் குறடால் நாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். கூட்டின் வாயை அரத்தால் தேய்த்தார், தேய்ந்துபோன ஆணியை மாற்றினார். பிறகு தன் கையிலேயே மாட்டி, மேஜை விளிம்பில் ஒரு அமுக்கு அமுக்கிக் காட்டினார். டக்கென்றது. பட்டறையில் நின்றுகொண்டு நான் மூக்கை உறிஞ்சினேன். “இனி ஒத்தக் கையாலயே போட்டுக்கிடலாம்மா,” என்றார் அவர்.

அதையே அம்மாவிடமும் சொன்னேன். “ஒத்தக் கையாலயேவா?” என்று கேட்டுவிட்டு, வாட்ச்சைப் பழைய கைக்குட்டையிலேயே முடிந்துவைத்தாள். போட்டுப் பார்க்கவில்லை.

நிச்சயத்தன்று மண்டபத்துக்கு வந்து ஆட்டோவை விட்டு இறங்குகிறாள், கை மொட்டையாக இருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. “இதுக்குத்தானா ரெண்டு ஊருக்கும் நாயா அலைஞ்சேன்?” என்று வாசலிலேயே கேட்டேன். “செத்த நேரம் சும்மா இரு,” என்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அத்தை முன்வரிசையில் இருந்தாள். வற்றிப் போயிருந்தாள். அம்மாவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். சுற்றியிருந்த பெண்கள், அன்றைக்கு இருந்த அதே பெண்கள்தான், பேச்சை நிறுத்தினார்கள். அம்மா நேரே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவிழ்த்து, வாட்ச்சை அத்தையின் மடியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

“மாட்டிவிடுங்க மதினி.”

“நானா?” என்றாள் அத்தை. “எனக்கு இதெல்லாம் போடத் தெரியாதே.”

“நான் சொல்லுதேன். கையத் திருப்புங்க. அடியில கட்டவெரலக் குடுங்க. இழுக்காதீக, லேசா அமுக்குங்க. ஒங்க தம்பி அப்படித்தான் போட்டுவிடுவாக.”

அத்தையின் கட்டைவிரல் அகலமானது, நகம் சின்னது. அது அப்பாவின் விரல் என்பதை நான் அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். முதல் தடவை நாக்கு நழுவியது. இரண்டாம் தடவை டக்கென்று உட்கார்ந்தது.

அத்தை கையை விடவில்லை. பிடித்தபடியே அழுதாள். “அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாட்டி?”

“அன்னைக்கும் சொன்னேன் மதினி,” என்றாள் அம்மா. “நீங்க அழுதுக்கிட்டு இருந்தீக.”

பிறகு அத்தை பிடித்திருந்த கையை அப்படியே தூக்கி மணி பார்த்தாள். “நல்ல நேரம் முடியப் போகுது,” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். “நீ என்ன நின்னு அழுதுக்கிட்டு இருக்க? போயிப் பிள்ளையக் கூட்டிட்டு வா.”