கட்டிலின் நான்காவது கால்

என் வீட்டுக்காரர் தச்சர். எங்கள் தெருவில் அவருக்கு ‘ஜப்பான்காரர்’ என்று பெயர். ஜப்பானுக்குப் போனவரெல்லாம் இல்லை, கைப்பேசியில் பார்த்ததோடு சரி. அங்கே ஆணியும் பசையும் இல்லாமல் மரத்துக்குள் மரத்தைச் செருகியே சாமான் செய்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து மனுஷனுக்கு வேறு பேச்சே கிடையாது. சாப்பிட உட்கார்ந்தாலும் கழுந்து, துளை, முளைதான். பட்டறை வாசலில் ‘இங்கே ஆணி அடிப்பதில்லை’ என்று பலகை வேறு.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் கட்டில் செய்ய ஆரம்பித்தார். மாப்பிள்ளைக்கு ஊர் ஊராக மாற்றலாகும் வேலை. கழற்றி எடுத்துப்போய் எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் அவசரத்தில் ஈரம் காயாத மரத்தைத் தொட்டுவிட்டார். மூன்று கால் தப்பித்தது. நான்காவதில் மரம் சுருங்கி, செருகும் முனையான கழுந்து துளைக்குள் லொடலொடவென்று ஆடியது. வேறு செய்ய நேரமில்லை. நான் டீ கொண்டுபோனபோது, காலின் உட்பக்கம் நீளமாக ஒரு ஸ்க்ரூவை முறுக்கி, அதன் தலையை மரமூடியால் மறைத்துக்கொண்டிருந்தார்.

“யார்கிட்டயும் சொல்லிடாத” என்றார்.

“எனக்கென்ன? ஜப்பான்லேர்ந்து கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கோங்க.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வாசல் பலகையைக் கழற்றி உள்ளே போட்டார். கேட்டவர்களிடம் எழுத்து அழிந்துவிட்டது என்றார்.

கல்யாணமாகி, கட்டிலோடு மாமியார் வீட்டுக்குப் போன மகளோ வாய் ஓயமாட்டாள். நாங்கள் போயிருக்கும்போது யார் வந்தாலும் கட்டிலைக் காட்டி, “எங்கப்பா ஒரு ஆணிகூட அடிக்கல, தெரியுமா?” என்பாள். உடனே இவருக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்தது. கட்டிலைக் கழற்ற இவரைக் கூப்பிட்டாள். சம்பந்தியம்மா பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிவந்து உட்காரவைத்தார். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் இரண்டு தட்டு, ஒரு கால் கழன்றது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதற்குக் கைதட்டினார்கள். நான்காவதை மெல்லத் தட்டினார். அசையவில்லை. ஓங்கித் தட்டினால் கால் பிளந்து ஸ்க்ரூ பல்லிளிக்கும். மகள் இத்தனை நாள் சொன்னதெல்லாம் அவள் மாமியார் முன்னால் பொய்யாகிவிடும். அவருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. எனக்கே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

“அத்தை, எல்லாருக்கும் டீ போட்டுடலாமா? அடுப்புல பால் பொங்கிடப் போகுது” என்றாள் மகள். கூட்டம் சமையலறைக்குப் போனது.

கதவைச் சாத்தினாள். அலமாரியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தரையில் படுத்தாள். மூடியை நகத்தால் நெம்பிவிட்டு, பழகின கையாகத் திருகினாள்.

“எப்பம்மா தெரியும்?” என்றார் இவர்.

“கட்டில் வந்த வாரமே. பெருக்கும்போது மூடி விழுந்துச்சு. ஆட ஆரம்பிச்சா நான்தான் முறுக்கி விடுவேன்.”

“அப்புறமும் ஆணியே இல்லன்னு...”

“உங்க முன்னாடி சொன்னா நீங்களே வாயத் திறப்பீங்கன்னு பார்த்தேம்பா. நீங்க எழுந்து எழுந்து போயிட்டீங்க.”

அடிப்பாவி! கட்டிக்கொண்ட நான் மறைத்தேன், பெற்ற பெண் அவரிடம் உண்மையைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அவர் அவள் கையிலிருந்த ஸ்க்ரூவை வாங்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார். நான் தடுக்கவில்லை. டீ டம்ளர்களுக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

“சம்பந்தியம்மா, இது கட்டில்ல இருந்துச்சு. நான் போட்டதுதான். என் பொண்ணு பொய்க்காரி இல்ல, நான்தான் அவள இத்தனை நாளா பொய் சொல்ல வச்சேன்” என்றார்.