பரோட்டா மாவில் ஒரு மதகு

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு அச்சு எடுப்பது என் தொழில். புத்தகமும் நிறையப் படிப்பேன். அதனால் குடும்பத்தில் யாருக்கும் நன்மை விளைந்ததில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு கோடையில், பக்கத்து ஏரிப் புறம்போக்கு வழியாக எரிவாயுக் குழாய் பதிக்க அனுமதி வந்தது. என் மனைவியின் தம்பிக்கு ஏரிக்குக் கீழே ஒரு காணி நிலம். முள்காட்டுக்குள் இருந்த மதகுதான் அதற்குத் தண்ணீர் விடும். குழாய்க்காரர்களோ, ‘அங்கே மதகே இல்லை’ என்று எழுதி அனுமதி வாங்கியிருந்தார்கள். பள்ளம் வெட்டினால் மதகு போய்விடும், நடவும் போய்விடும். மச்சான் வழக்குப் போட்டான்.

மதகுக் கல்லில் ஊர்ப் பெயரோடு ‘ஏரிப் பாசன மதகு’ என்று செதுக்கியிருந்தது. தேய்ந்துபோன எழுத்து, கோர்ட்டில் கொடுத்த புகைப்படத்தில் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. “கல்லு எந்த ஊர்லதான் இல்ல?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார்.

கல்லைத் தூக்க முடியாது. நான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றி அச்சு எடுத்தேன். அடுத்த வாய்தாவுக்கு அதைத் துண்டில் சுற்றிப் பெருமையோடு சுமந்துபோனேன்.

நீதிபதி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இது எந்த நாட்டு எழுத்துங்க?” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

அப்போதுதான் உறைத்தது. முப்பது வருடமாக அச்சில் எழுத்தைத் திருப்பிப்போட்டே படித்துப் பழகியவன் நான். மற்றவர்களுக்கு அது இடவலம் மாறித் தெரியும் என்பதையே மறந்திருந்தேன்.

“இன்னா மாமா, மானத்த வாங்கிட்டீங்களே!” என்றான் மச்சான்.

“படிக்கிற மாதிரி மத்தியானம் கொண்டுவாங்க” என்றார் நீதிபதி.

பட்டறைக்குப் போய்வர நேரமில்லை. கோர்ட்டுக்கு எதிரே இருந்த பரோட்டா கடைக்கு ஓடி, ஓர் உருண்டை மாவு கேட்டேன்.

“பரோட்டாவுக்குப் பிசைஞ்சதுண்ணே, கேசுக்கு இல்ல” என்றார் மாஸ்டர். ஆனாலும் கொடுத்தார்.

அச்சில் உலர்ந்த மாவைத் தூவி, உருண்டையை அழுத்தி உரித்தேன். ஊர்ப் பெயர் உட்பட எழுத்தெல்லாம் நேராக நின்றது. மத்தியானம் நீதிபதி அதை வாய்விட்டே படித்தார். பிறகு, இடத்தை நேரில் பார்த்துவர ஒரு வக்கீலை அனுப்பினார். அவர் முள்ளை வெட்டிப் பார்த்து, மதகு இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். அந்த இடத்துக்கான அனுமதி ரத்தானது; குழாய் ரோட்டோரமாகப் போயிற்று.

தீர்ப்பில் என் அச்சுக்கு ஒரு வரி உண்டு. படித்த புத்தகங்களிலெல்லாம் எனக்குப் பிடித்த வரி அதுதான். நகல் வாங்கி வைத்திருக்கிறேன்.

நடவன்று மச்சான் மதகைத் திறந்தான். கணுக்காலுக்குத் தண்ணீர் ஏறியது.

“மதகு இல்லன்னு எழுதுனவங்கள வரச்சொல்லுங்க மாமா,” என்றான். “கால் கழுவிட்டுப் போவட்டும்.”