கொண்டை வைத்த உடும்பு

கரடியூர் ரோட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் எஸ்டேட்டின் கேட் தூண்மேல் ஒரு சிமெண்டு உடும்பு உட்கார்ந்திருக்கிறது. தலையில் சேவல் கொண்டை, பிதுங்கிய இரண்டு கண். எஸ்டேட்டை உண்டாக்கிய வெள்ளைக்காரர் தன் ஊர்க் கதையிலிருந்து கொண்டுவந்து வைத்த பிராணி அது. அதன் பார்வை பட்டால் உயிருள்ளதெல்லாம் கல்லாகிவிடுமாம். துப்பாக்கியோடு வந்து மலையையே வளைத்துப் போட்டவர்களின் முன்னோர்கள் ஒரு பெரிய பல்லிக்குப் பயந்து கிடந்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இப்போது அந்த பங்களாவில் டூரிஸ்ட்டுகள் தங்குகிறார்கள். காப்பிச் செடிகளுக்கு நடுவே ஆள் உயரப் பாறைகள் நிற்கும். அவற்றின்மேல் ஏறி போட்டோ எடுப்பதும், பிடிமானத்துக்கு மிளகுக்கொடியை இழுத்துப் பிய்ப்பதும் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. 'ஏறாதீர்கள்' என்று போர்டு வைத்தேன். போர்டைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள்.

ஒருநாள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்திடம் சொன்னேன். இந்தப் பாறைகள் எல்லாம் ஒரு காலத்தில் மனிதர்கள், கேட்டில் இருப்பதைப் பார்த்துக் கல்லானவர்கள். பக்கத்தில் சேவல் கூவினால் உயிர் வரும், அதற்குமுன் யாராவது அசைத்தால் உடைந்துபோவார்கள். சேவல் விஷயம் பாதி அந்த வெள்ளைக்காரக் கதையில் இருப்பது. உடைவது என் சொந்தச் சரக்கு.

அதன்பிறகு ஒருவரும் பாறையைத் தொடவில்லை. கண்ணாடி போட்ட கம்ப்யூட்டர்காரர்கள் கேட்டைத் தாண்டும்போது குழந்தைகளின் கண்ணைப் பொத்தினார்கள். எஸ்டேட் ஜீப் ஓட்டும் டிரைவர் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொன்னார். அவர் மனைவிதான் பங்களாவில் சமையல். ஒரு வருஷத்துக்குள் எங்கள் ஆட்களே தலையைக் குனிந்துகொண்டு கேட்டைக் கடக்க ஆரம்பித்தார்கள். யாரோ உடும்பின் கண்ணில் சிவப்புத் துணி கட்டினார்கள், இன்னொருவர் எலுமிச்சம்பழம் வைத்தார். கதை நான் கட்டியது என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டூரிஸ்ட் காதுக்குப் போய்விடும் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். உண்மையில் அத்தனை பேரும் ஏமாறுவதைத் தனியாக உட்கார்ந்து ரசிப்பது எனக்குப் பிடித்திருந்தது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டு, ஏற்காடு பஜாரில் கறி வாங்கி, டீக்கடையில் ஊர் அரசியலை ஒரு பிடி பிடித்துவிட்டு, பதினொன்றரைக்கு எஸ்டேட்டுக்குத் திரும்பினேன். கேட்டில் இருபது பேர் வட்டமாக நின்றார்கள். நடுவில், தூணுக்குக் கீழே, டிரைவரின் மனைவி கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இடது கை செத்த கைபோல மண்ணில் கிடந்தது. கண் மட்டும் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரிடமிருந்து மூன்றடி தள்ளி, கால் கட்டிய ஒரு சேவல்.

பக்கவாதம் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கறிப்பையைப் போட்டுவிட்டுக் குனிந்தேன்.

"ஏனுங்க ரைட்டர், தொடாதீங்க! சேவல் இன்னும் கூவலீங்க" என்று ஒரு பெண் கத்தினார்.

"எப்ப விழுந்தாங்க?"

"எட்டரைக்குங்க. கண்ணுல கட்டுன துணி காத்துல அவுந்துருச்சுங்க. அதை எடுத்துக் கட்டப் போனவ அப்படியே சாஞ்சுட்டாளுங்க."

மூன்று மணி நேரம். முதலில் பிடித்துவந்த சேவல் கூவவில்லை என்று தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு ஆள் அனுப்பி இரண்டாவது சேவல் வந்திருக்கிறது. கூட்டத்தைக் கண்டு மிரண்ட அதுவும் வாயைத் திறக்கவில்லை. பத்தடியில் ஜீப் நிற்கிறது, டீசலும் இருக்கிறது. எல்லோர் கையிலும் போன். எனக்கு ஒரு போன் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. நான் என்ன சொல்வேன் என்பதுதான் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியுமே.

"அறிவு இருக்கா உங்களுக்கெல்லாம்? எந்த முட்டாள் சொன்னான் இப்படி?" என்று கத்தினேன்.

டிரைவர், தன் மனைவியின் தலைமாட்டில் குந்தியிருந்தார். அவர் கை மனைவியின் தலைக்கு மேலே, படாமல், நின்றது.

"நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார். குற்றம் சாட்டும் குரல் அல்ல. எனக்கு மறந்துவிட்டதோ என்று ஞாபகப்படுத்துகிற குரல். "தூக்கலாமுன்னு நொம்ப நேரமா நெனைக்கறனுங்க. தொட்டா ஒடஞ்சு போயிருவாளோன்னு பயமா இருக்குதுங்க."

அத்தனையும் பொய் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "சேவல் வேண்டாம், நான் பாத்துக்கறேன், தூக்குங்க" என்பதுதான். என் வார்த்தைக்கு மறுபேச்சு இல்லை. உடனே தூக்கினார்கள்.

பெரிய ரோட்டில் டூரிஸ்ட் கார்கள் அடைத்துக்கொண்டிருக்கும் என்று குப்பனூர் வழியாக இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் வண்டியை மெதுவாக்கித் திரும்பி மனைவியைப் பார்த்தார். எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார் என்பது எனக்கு மூன்றாவது வளைவில்தான் உறைத்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

சேலத்து ஆஸ்பத்திரியில் இளம் வயது டாக்டர் ஒருவர் பரிசோதித்தார். காலையில் எட்டரைக்கு விழுந்ததாகச் சொன்னதும் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றே காலைத் தாண்டியிருந்தது.

"இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

முப்பது வருஷமாக எஸ்டேட்டில் அத்தனை பேரையும் மடையர்கள் என்று சொல்லிவந்த நான் சொன்னேன்: "வண்டி கெடைக்கலீங்க டாக்டர்."

டாக்டர் டிரைவரின் காக்கிச் சட்டையைப் பார்த்தார். கையில் இருந்த ஜீப் சாவியையும் பார்த்தார். "நீங்க டிரைவர்தானே?"

டிரைவர் என் பக்கம் ஒருமுறை திரும்பினார். "ஆமாங்க சார். வண்டி இருந்துச்சுங்க. எனக்குத்தான் ஒண்ணும் புரியாம போச்சுங்க. ரைட்டரு வந்துதான் தூக்கச் சொன்னாருங்க" என்றார்.

"நாலரை மணி நேரத்துக்குள்ள கொண்டுவந்திருந்தா ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போட்டிருப்போம். அந்தக் கை இனி கஷ்டம். பொண்டாட்டி இப்படிக் கிடக்கறப்போ வேடிக்கை பார்த்துட்டு நின்னியாய்யா?" என்று டாக்டர் அவரைத் திட்டினார். வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி திட்டினார். டிரைவர் தலையைக் குனிந்து ஒவ்வொரு வார்த்தையையும் வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். போகும்போது டாக்டர் என் தோளைத் தட்டி, "நல்லவேளை, நீங்களாவது இருந்தீங்க" என்றார். நான் தலையாட்டினேன்.