பச்சை வானமும் சுண்ணாம்புக் கோடும்

எனக்கு ட்ரோன் ஓட்டத் தெரியும். ஆனால் ஓட்டக் கூடாது. ஏன் கூடாது என்று கேட்கிறவர்களிடம் பத்தாவதில் கணக்குப் பாடத்தில் ஃபெயில் என்று சொல்வேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அதுதான் நிஜம்.

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். சுரங்க ஊரான எங்கள் தங்க வயலில் எனக்கு முன்னால் யாரும் ட்ரோன் பறக்கவிட்டதில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் என்னைப் போல மண்டப வாசலில் மாப்பிள்ளை தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தி, மாலையில் ஒரு இதழ்கூட ஆடாமல் படம் எடுத்தவன் கிடையாது. நாலைந்து வருஷம் ஜாம் ஜாம் என்று ஓடியது. அப்புறம் சட்டம் வந்தது. கால் கிலோவுக்குள் எடையிருக்கிற குட்டி மெஷினுக்கு பைலட் சர்டிபிகேட் வேண்டாமாம். என்னுடையது அதைவிடக் கனம். காசு வாங்கிக்கொண்டு அதைப் பறக்கவிட்டால் சர்டிபிகேட் வேண்டும். மெஷினுக்கும் வண்டி நம்பர் மாதிரி ஒரு நம்பர் வேண்டும். என் மெஷின் வெளிநாட்டுச் சரக்கு. அந்த மாதிரி மெஷினுக்கு நம்பர் வாங்க ஒரு கெடு கொடுத்திருந்தார்களாம். அந்தக் கெடு வந்ததும் எனக்குத் தெரியாது, போனதும் தெரியாது.

சரி, சர்டிபிகேட்டாவது வாங்கித் தொலைப்போம் என்று ரயில் ஏறி பெங்களூர் போனேன். பயிற்சி நிலையத்து கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண்தான். "அங்கிள், எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டு?" என்று கேட்டாள்.

"நான் ஓட்டிக் காட்டறேம்மா. நீயே பாரு."

"அது அப்புறம் அங்கிள். டென்த் பாஸ் ஆகியிருந்தாதான் சேர்த்துக்க முடியும். ரூல் அப்படி."

ரூலோடு சண்டை போட முடியுமா? அந்தப் பெண்ணோடுதான் கொஞ்சம் போட்டேன். அவளும் பாவம், தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். வீட்டுக்கு வந்து மெஷினைப் பெட்டியோடு பீரோ மேல் வைத்தேன்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அரசாங்கம் கம்ப்யூட்டரில் நாட்டு வரைபடம் போட்டு, வானத்துக்கு வண்ணம் அடித்து வைத்திருக்கிறது. சிவப்பு என்றால் மேலிடத்து அனுமதி இல்லாமல் கிட்டேயே போகாதே. மஞ்சள் என்றால் விமான நிலையக்காரர்களைக் கேள். பச்சை என்றால் நானூறு அடி வரைக்கும் யாரையும் கேட்க வேண்டாம். நந்திதுர்க் பக்கம் இருக்கிற எங்கள் லைனைத் தேடிப் பார்த்தேன். சுத்தப் பச்சை. லைன் என்றால் சுரங்கக் கம்பெனி அந்தக் காலத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிவிட்ட வரிசை வீடுகள். கீழே ஒரு புல் முளைக்காத ஊருக்கு மேலே பச்சை அடித்திருக்கிறானே என்று சிரித்துக்கொண்டே என் அப்பாவிடம் காட்டினேன்.

"நானூறு அடியா?" என்றார் அப்பா. "கேஜ்ல நின்னு ஒரு தபா இருமறதுக்குள்ள நானூறு அடி எறங்கிடும். இன்னாத்துக்குடா இவ்ளோ கலாட்டா?"

கேஜ் என்றால் சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற இரும்புக் கூண்டு. சொல்லிவிட்டு இருமினார். அவருக்கு நெஞ்சு முழுக்கக் கல் தூசி. சுரங்கம் மூடிய அன்றைக்கும் ஷிஃப்டுக்குப் போய்விட்டு வந்தவர். கம்பெனி கொடுத்த வீடு என்பது தகரக் கூரை போட்ட ஒன்றரை ரூம். ஜன்னல் என்று பெயருக்கு ஒரு ஓட்டை. அதில் படுத்தால் அவருக்கு மூச்சு வராது. அதனால் கம்பெனி போன பிறகு, வீட்டுக்குப் பின்னால் தானே கல் சுமந்து, தானே மண் குழைத்து ஒரு ரூம் கட்டினார். ஆள் உயரத்துக்கு ஜன்னல் வைத்தார். அந்த ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்தால்தான் அவருக்குத் தூக்கம். வேறு எங்கே படுக்க வைத்தாலும் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்கு அல்லாடுவார். அந்த ரூம்தான் அவர் உயிர் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ரூம் நிற்கிற மண் எங்களுடையது இல்லை. வீடு நிற்கிற மண்ணும் இல்லை. எல்லாம் கம்பெனி நிலம். வீட்டையாவது எங்கள் பேருக்கு எழுதித் தரப் போகிறார்கள் என்று நான் சட்டை போடத் தெரிந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் என் மனைவி பெங்களூர் வேலை முடிந்து ரயிலிலிருந்து இறங்கி ஓடாத குறையாக வந்தாள். முல்பாகல் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற அவள் அக்கா போன் பண்ணியிருக்கிறாள்.

"இந்தாங்க, எங்க அக்கா ஊர்ல ட்ரோன் வந்துச்சாம். வர்றதுக்கு முன்னாடி அவங்கவங்க வூட்டைச் சுத்தி சுண்ணாம்புல கோடு போடச் சொன்னாங்களாம். மேலேருந்து படம் புடிச்சிகினு போனாங்க. இப்ப கார்டு வந்துடுச்சு. அக்கா பேருல! வூடு அவங்களுதுன்னு கவர்மென்டே எழுதிக் குடுத்துடுச்சு!"

அடுத்த வாரமே எங்கள் லைனில் மைக் கட்டின ஆட்டோ வந்தது. ட்ரோன் சர்வே நடக்கப் போகிறது, பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று கன்னடத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். அவ்வளவுதான் சொன்னான். எதற்கு என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்க எங்கே நேரம்? ஆட்டோ திரும்புவதற்குள் சுண்ணாம்பு வாங்க ஆள் போய்விட்டது.

இதில் எங்கள் அப்பா அடித்த கூத்தைச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்க்காரனுக்குச் சுண்ணாம்பு வெறும் சுண்ணாம்பு. அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவனுக்கு அப்படி இல்லை. உள்ளே எவ்வளவு பாறை உடைத்தாலும், அளவு எடுக்கிறவர் வந்து பார்த்து, சுவரில் வெள்ளை அடித்துவிட்டுப் போனால்தான் அது கணக்கில் சேரும். வெள்ளை படாத பாறை உடைத்தும் உடைக்காததுதான். அதனால் கிழவர்கள் எல்லோரும் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார்கள். அப்பா ஒரு கையில் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் மனைவிக்கு வழி காட்டினார்.

"பட்டையா போடும்மா. பொடி பொடியா போட்டா மேலருந்து எப்படித் தெரியும்? பின்னாடி ரூமை வுட்டுடாத. ரூமைச் சேத்துப் போடு. பாத்ரூம், அந்தத் தண்ணித் தொட்டி, அல்லாத்தையும் சேத்துப் போடு. வெள்ளை அடிச்ச எடம் கணக்குல வந்துடும்."

லைன் முழுக்க இதே கதை. ஒன்றரை ரூம் வீட்டுக்குப் பின்னால் ஒவ்வொருத்தனும் சமையல்கட்டு, ஆட்டுக் கொட்டகை, மகனுக்குக் கல்யாணம் ஆனபோது போட்ட ஷெட் என்று இழுத்து வைத்திருந்தான். ஒன்றைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் சுற்றி வெள்ளை. எனக்கும் ஆசைதான். அப்பா பேரில் ஒரு கார்டு வந்தால் கசக்குமா என்ன? குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போகிற வரைக்கும் நானும்தான் போட்டேன்.

ட்ரோன் கொண்டு வந்தவன் சின்னப் பையன், பெங்களூர்க்காரன். ஆரஞ்சு ஜாக்கெட்டும் கழுத்தில் அட்டையும் மாட்டியிருந்தான். எனக்கு வயிற்றெரிச்சல். நேராகப் போய், "காட்டுப்பா உன் சர்டிபிகேட்டை" என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. போனை எடுத்துக் காட்டினான். பைலட் சர்டிபிகேட் இருந்தது. மெஷின் நம்பர் இருந்தது, இன்சூரன்ஸ்கூட இருந்தது. பச்சை வானம் வேறு. ஒரு குறை சொல்ல முடியவில்லை.

"சரி, எதுக்குப்பா இந்த சர்வே?"

"கொத்தில்லா சார். மேப் குடுத்தாங்க, ஃப்ளை பண்றேன். அஷ்டே நம்ம கெலசா" என்றான். தெரியாதாம், பறக்கவிடுவது மட்டும்தான் அவன் வேலையாம்.

அவன் மெஷினைத் தூக்கியதும் லைனே வெளியே வந்து நின்றது. அப்பா கட்டிலைப் பின் ரூம் வாசலில் போடச் சொல்லி, கோட்டுக்குள் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். மெஷின் தலைக்கு மேல் வந்தபோது கையைத் தூக்கி ஆட்டினார். "இன்னா நைனா, மாப்பிள்ளை மாதிரி போஸ் குடுக்கறீங்க" என்றேன். "ஆளு இருக்கறது தெரியட்டும்டா" என்றார். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. அதற்காக இப்போது என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

சில மாதம் கழித்து லைன் முனையில் இருக்கிற மன்றத்துச் சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டினார்கள். எங்கள் லைன், மேலிருந்து பார்த்தபடி. கம்பெனி கட்டின ஒன்றரை ரூம்களுக்கு நீல வண்ணம். நாங்கள் கட்டின மீதி எல்லாவற்றுக்கும் சிவப்பு. சிவப்பின் ஓரம் எங்கள் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே பிசகாமல் ஓடியது. கீழே ஆக்கிரமிப்பு என்று எழுதியிருந்தது. கம்பெனி நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுக்கிறார்களாம். கார்டு கிராமத்துக்காரர்களுக்கு மட்டும்தானாம். படத்தை ஒட்டிக்கொண்டிருந்த ஆள், "பழைய கட்டடம் எது, புதுசு எதுன்னு கண்டுபுடிக்கறதுதான் கஷ்டம். இங்க நீங்களே கோடு போட்டு வெச்சிட்டீங்க, நமக்கு வேலை ஈசியா போச்சு" என்றான். நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். அவன் மூக்கில் குத்தாமல் வந்தது என் பாக்கியமா அவன் பாக்கியமா தெரியவில்லை.

எங்கள் பின் ரூம் வாசலில், சிவப்புக்குள், ஒரு கட்டிலும் அதில் ஒரு ஆளும் தெரிந்தது. கை தூக்கியிருந்தது.

ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்றார்கள். ஒரு குறிப்பிட்ட வருஷத்துக்கு முன்னால் கட்டினது என்று நிரூபித்தால் விட்டுவிடலாம் என்றும் சொன்னார்கள். எனக்கு உயிர் வந்தது. என்னிடம்தான் இருக்கிறதே! எதிர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் பறக்கவிட்டு எடுத்த வீடியோ. பந்தலுக்குப் பின்னால் எங்கள் ரூம், அந்த ஜன்னல், எல்லாம் பளிச்சென்று தெரியும். அவர்கள் சொன்ன வருஷத்துக்கு முந்தினது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அதிகாரி முன்னால் போய் நின்றேன். அவர் பொறுமையாக முழுதும் பார்த்தார்.

"நல்லா எடுத்திருக்கீங்க. எடுத்த ட்ரோனோட நம்பர்?"

"நம்பர் இல்ல சார். அப்ப அந்தச் சட்டம் வரலையே."

"அப்புறமாவது ரிஜிஸ்டர் பண்ணீங்களா?"

"இல்ல சார்."

"பைலட் யாரு?"

"நான்தான் சார்."

"லைசென்ஸ்?"

அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். "எந்த மெஷின், யார் ஓட்டினது, எந்த தேதி, எதுவுமே பதிவுல இல்ல. இதை நான் ரெக்கார்டா எடுத்துக்க முடியாது. உங்க நல்லதுக்குச் சொல்றேன், இதை வேற எங்கயும் காட்டாதீங்க, உங்க மேலயே கேஸ் வரும்."

நான் என் கண்ணால் பார்த்த ரூம், என் அப்பா கட்டின ரூம், நானே எடுத்த படம். அது செல்லாது. எங்கிருந்தோ வந்த பையன் ஒரு காலை வேளையில் எடுத்த படம் செல்லும். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

ரூமை இடிக்க ஜேசிபி வந்த அன்று என் மனைவி வேலைக்குப் போகவில்லை. அப்பாவைக் கட்டிலோடு தூக்கி முன் ரூமுக்குக் கொண்டுபோனோம். பின் ரூம் விழ அதிக நேரம் ஆகவில்லை. மண் சுவர்தானே. அந்தத் தூசிக்கு அப்பா இருமிய இருமலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலையாட்கள் நல்லவர்கள், ஜன்னல் சட்டத்தை மட்டும் உடைக்காமல் கழற்றிக் கொடுத்தார்கள். அதை எங்கே வைப்பது? சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். அப்புறம் வேலி போட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் சுண்ணாம்புக் கோடு, என் மனைவி பட்டையாகப் போட்டது, இன்னும் அழியவில்லை.

அப்பா இப்போது படுப்பதில்லை. தகரத்துக்குக் கீழே, ஓட்டை ஜன்னலைப் பார்த்தபடி, தலையணையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறார். டாக்டர் காற்று வேண்டும் என்கிறார். ஆமாம் டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சை இழுத்துக்கொண்டு பேசினார்.

"டேய், உன் மெஷினை ஒரு தபா மேலே வுட்டுப் பாரேன். நம்ம கோடு அவங்க படத்துல சரியா வுழலையோ இன்னாவோ."

பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கினேன். அவர் திருப்திக்காகத்தான். பேட்டரி உப்பிப் போயிருந்தது. காட்டினேன். கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார்.

"வெள்ளை அடிச்ச எடம்டா. அது எப்படிடா கணக்குல வராம போவும்?"

"வந்துச்சு நைனா," என்றேன். "நம்ம ரூம் கணக்குல வந்துடுச்சு."

"வந்துச்சா?" என்றார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததே, அதை என்னால் பார்க்க முடியவில்லை. தலையணையை இறுக்கிக்கொண்டு, "அப்ப கட்டிலை எப்படா அங்க போடுவீங்க?" என்று கேட்டார்.